ஞாயிறு பத்து மணிக்குத் திரும்பி வரும் வைரஸ்

அன்று மத்தியானம் கெலாங் பாத்தா வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்: பிரவீனா, கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்த கென்னத், சிங்கப்பூரில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த அவள் கணவன் ரூபேந்திரன்.

கென்னத் வருவது இது மூன்றாவது தடவை. ஒவ்வொரு முறையும் வைரஸை அழித்துவிட்டுப் போனான். அடுத்த வாரமே அது மறுபடி முளைத்தது.

“உங்க வீட்டுப் பேய்க்கு என்னைப் பிடிச்சிப்போச்சுக்கா,” என்றவன், திரையில் எதையோ பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “இது வெளியேருந்து வரல. ஞாயித்துக்கெழம காலைல பத்து மணிக்கு யாரோ இங்க உக்காந்து போடுறாங்க. ஒவ்வொரு தடவையும் அதே நேரம். நீங்க டைப் பண்றதெல்லாம் ஒரு போனுக்குப் போகுதுலா.”

ஞாயிறு பத்து மணிக்கு அவள் மார்க்கெட்டில் இருப்பாள். வீட்டில் ரூபேந்திரன் மட்டும்.

காலையில் சாப்பிடும்போது ரூபேந்திரன், “குளுவாங்ல நல்ல மழையாம்,” என்றான். குளுவாங்கில் இருக்கும் அக்காவிடமே வந்துவிடுவதாக அவள் எழுதியது இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். போன வருடம் அவன் அவள் கையை முறித்தபோது, வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாள். இந்த முறை சொல்ல உயிரோடு இருப்பாளா என்பது தெரியவில்லை.

“இப்ப அழிச்சிட்டேன்,” என்றான் கென்னத்.

அடுத்த நொடியே உள்ளறையில் போன் ஒலித்தது. கட்டில் கிறீச்சிட்டது.

ரூபேந்திரன் சட்டையில்லாமல், போனும் கையுமாக வந்து நின்றான். “என்ன தம்பி, ரொம்ப நோண்டிட்ட போல?”

கென்னத் அவளைப் பார்க்கவில்லை. வீட்டுச் சாவியும் கார்ச் சாவியுமாகக் கதவில் தொங்கிய சாவிக்கொத்தைத்தான் ஒருமுறை பார்த்தான். “ஹார்ட் டிஸ்க் போயிருச்சுண்ணே. கடையிலதான் திறக்கணும். மோட்டார் சைக்கிள் பின்னாடி கட்டி நானே கொண்டுபோறேன்.”

“வேணாம். என் காடில வரட்டும். திறக்கும்போது நானும் இருக்கணும்.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டான். வயர்களைப் பிடுங்கி, பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். கென்னத் இரும்புக் கதவைத் திறந்துவிட்டு முன்னால் நடந்தான்.

“சாவிய எடுத்துட்டு வந்து காடியத் திற,” என்றான் ரூபேந்திரன், திரும்பாமலே.

அவன் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பான். பிரவீனா உள்ளே நின்றே இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். சாவி இருமுறை வழுக்கியது. மூன்றாம் முறை பூட்டு விழுந்தது.