ராணிக்குப் பேரம் பேசத் தெரியவில்லை

விழுப்புரம் மாட்டுச்சந்தையில் அஞ்சம்மாள் கயிறு விற்றாள். மாட்டை விற்கிறவன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவான். கயிற்றோடு லட்சுமியும் போய்விடுவாள் என்று பயம். வாங்கினவன் புதுக்கயிறு போட்டுத்தான் மாட்டை ஓட்டிப்போக வேண்டும். இருபது வருஷம் அந்த மூலையில் உட்கார்ந்து அவள் கற்றது ஒன்றுதான். "அருமையான மாடு" என்று தட்டிக்கொடுத்துவிட்டு நகர்கிறவன் வாங்கப்போவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி சரியில்லை, நடை கோணல் என்று முகத்தைச் சுளிக்கிறானே, அவன்தான் அரைமணி கழித்துக் கயிறு கேட்டு வருவான்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் மகள் அம்சவள்ளி, நாடகக்காரன் சீனுவாசனைக் கூட்டிவந்து எதிரே நிறுத்தினாள். அஞ்சம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்ல பையன்தான்" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. சீனுவாசன் பூரித்துப்போனான். சந்தையில் வளர்ந்த அம்சவள்ளிக்கு முகம் செத்துவிட்டது. ஒரு குறையாவது சொல்லியிருந்தால் பேச இடமிருந்திருக்கும். மயிலம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு அவள் திண்டிவனத்தில் குடியேறினாள். கல்யாணத்துக்குத் தாய் போகவில்லை. அதன்பிறகு பேச்சும் நின்றது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில், திண்டிவனத்திலிருந்து கயிறு வாங்க வந்த அப்பாதுரை, அம்சவள்ளி கொடுத்தனுப்பிய ஒரு நோட்டீஸைப் படித்துக்காட்டினான். சீனுவாசன் எழுதி, ராணி வேஷமும் கட்டும் மாபெரும் சரித்திர நாடகம், 'இராணி செங்கமலவல்லி'. தாயும் மகளும் மோதும் காவியம். மேடையில் நிஜக் குதிரை தோன்றும். ஓரத்தில் அம்சவள்ளியின் கையெழுத்தில், 'வந்தா வா.'

அஞ்சம்மாள் கணக்காக ஒரு முடிவு எடுத்துக்கொண்டாள். போவது, பார்ப்பது, "நல்லாயிருந்துச்சு" என்று சொல்வது, ஏழரை ரயிலைப் பிடிப்பது.

திண்டிவனத்தில் நாடகம் சாயங்காலம் நாலு மணிக்கு. பெண்கள் பக்கத்துப் பாயில் அம்சவள்ளி இடம் போட்டு வைத்திருந்தாள். இருவரும் மூடிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மகள் கையைத் தரையில் ஊன்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த விதம் இருக்கிறதே, சினைமாட்டைப் பத்தடி தூரத்தில் நின்று மாசம் சொல்கிறவளுக்கு அது போதும். ஐந்து மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் யார் முதலில் கேட்பது? முதலில் வாய் திறக்கிறவன் தோற்றான் என்பது சந்தைச் சட்டம். அங்கே உட்கார்ந்திருந்தது இரண்டு சந்தைக்காரிகள்.

திரை விலகியது.

ராணியின் மகள் எதிரி நாட்டு இளவரசனை விரும்புகிறாள். ராணி மறுக்கிறாள். இதுவரை அஞ்சம்மாளுக்கும் ஆட்சேபணை இல்லை. யார் கதை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகுதான் சோதனை. நிஜக் குதிரை என்று வந்தது ஸ்டேஷன் ஜட்காவில் பூட்டுகிற கிழம். வனக்காட்சி முழுவதும் ஜனங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு தூங்கியது. இளவரசியைத் தூணில் கட்டினார்கள். ஒரு கன்றுக்குட்டி உதறினால் அவிழ்ந்துவிடுகிற முடிச்சு. கடைசியில் ராணி திடீரென்று மனம் மாறி, மகள் காலடியில் விழுந்து, ஒரு பாட்டு முடிகிறவரை அழுது, அவள் கேட்ட கோட்டையையே தூக்கிக் கொடுத்துவிட்டாள். சீனுவாசனின் பவுடர் கரைந்து கழுத்துவரை ஓடியது. ஜனங்கள் பாதிப்பேர் கடலை வாங்க எழுந்துபோயிருந்தார்கள்.

நாடகம் முடிந்ததும் சீனுவாசன் ராணி வேஷத்தைப் பாதி கலைத்த கோலத்தில் ஓடிவந்து, கைகட்டி நின்றான். அம்சவள்ளி அம்மாவைப் பார்க்காமல், பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"எப்பிடிம்மா இருந்துச்சு?"

'நல்லாயிருந்துச்சு' என்ற சொல் அஞ்சம்மாளின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. ஏழரை ரயில், விழுப்புரம், யாரோ ஒருத்தி கையில் பிறக்கப்போகிற பேரப்பிள்ளை. ஆனால் எதிரே தூணில் அந்த முடிச்சு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"என்னா நாடகம் இது? அரமணையில சணல்கவுறா இருக்கும்? கத்தாழை நாரு கூடவா கெடைக்கல? எங்கிட்ட ஆளனுப்பினா நான் குடுத்திருக்க மாட்டனா? முடிச்சு போடத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்கு சேவகன் வேஷம்? அந்த ராணி... அவ ஒரு ராணியா? மவ கோட்டைய கேட்டதும், எடுத்துக்கோன்றா. எந்த ஆத்தா அப்பிடி குடுப்பா? கோட்டை இல்லடி, வடக்கு வாசல வேணா எடுத்துக்கோன்னு கொறைச்சி சொல்ல வேணாம்? மவ முடியாதுன்னு கெளம்பணும், இவ பின்னாலேயே கூப்புடணும். ஒரு பேரம் இல்ல, ஒண்ணும் இல்ல. மாப்ள, நீங்க சந்தைக்கு வந்து ஒருநாள் நின்னு பாருங்க, அப்பறம் எழுதுங்க."

சீனுவாசனின் முகம் தொங்கிவிட்டது. மூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தன்னை மாப்பிள்ளை என்று அழைத்ததுகூட அவன் காதில் விழவில்லை. அம்சவள்ளியோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சிரிக்கிற?" என்றான் பரிதாபமாக.

"போய் மூணு காப்பி வாங்கினு வாங்க. பொறுமையா வாங்க. இங்க ஒரு வியாபாரம் படியப்போவுது."

அவன் போனதும் அஞ்சம்மாள் முந்தானையை மகளின் மடிமேல் போட்டு, அதற்கடியில் அவள் கையைப் பிடித்தாள். மாட்டுத் தரகராயிருந்த அஞ்சம்மாளின் புருஷன் முருகையன், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வித்தையைச் சின்ன வயசிலேயே மகளுக்குப் பழக்கியிருந்தார். பொரிஉருண்டைக்குக்கூட அந்த வீட்டில் விரல்பேரம்தான். யாரும் வாய் திறக்கவில்லை. அதனால் யாரும் தோற்கவுமில்லை.

தாய் மகளின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள்: பிள்ளை பிறந்த பிறகு ஐந்து மாசம் என் வீட்டில். மகள் கையை உருவிக்கொண்டு, தாயின் இரண்டு விரலை மட்டும் பிடித்தாள். தாய் நான்குக்கு இறங்கினாள். மகள் எழுந்துபோவதுபோல முழங்காலை ஊன்றினாள். தாய் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் மூன்று விரலும், நாலாவது விரலில் பாதியும் என்று படிந்தது.

தூரத்தில் ரயில் கூவிவிட்டுப் போனது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காப்பியோடு வந்த சீனுவாசன், குற்றவாளிபோல மெதுவாகக் கேட்டான். "அத்தை, ஒரு எடங்கூடவா நல்லா இல்ல?"

அஞ்சம்மாள் காப்பியை ஒரு வாய் குடித்து, சர்க்கரை கம்மி என்றாள். திரும்பிப் போகிற வழியில் மயிலத்தில் இறங்கி முருகனுக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள். நாடகம் மட்டும் நன்றாக இருந்து தொலைத்திருந்தால், அவள் இந்நேரம் ரயிலில் அல்லவா போய்க்கொண்டிருப்பாள்.

"அந்தக் குதிரை," என்று ஆரம்பித்தாள். அம்சவள்ளி அவள் தோளில் சாய்ந்துகொண்டு, வசதியாக உட்கார்ந்து கேட்கத் தொடங்கினாள்.