ஒளிராத தண்ணீர்

நடுக்கூடலில் ஈயம் குடித்தவர்கள் இருட்டினால் பச்சையாக ஒளிர்வார்கள். ஆற்றோரத்துப் பேட்டரிப் பட்டறை ஈயக் கழிவை ஆற்றில் விட்டது, ஆறு குழாயில் வந்தது. வீடு வீடாகப் போய்த் தண்ணீரைச் சோதிக்க நகராட்சிக்கு உடம்பு வணங்கவில்லை. ஈயத்தைத் தொட்டால் மட்டும் ஒளிர்கிற சாயத்தை மேல்நிலைத் தொட்டியிலேயே கொட்டிவிட்டார்கள். சோதனை அமோக வெற்றி! அன்று சாயங்காலமே ஊர் ஜெகஜ்ஜோதி. உடனே தண்ணீரைச் சுத்தம் பண்ணியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். தெருவிளக்குகளைக் கழற்றினார்கள்.

தையல்காரி சகாயராணிக்கு இது சௌகரியம்தான். கரண்ட் போனாலும் தன் விரல் வெளிச்சத்திலேயே ஊசியில் நூல் கோத்துவிடுவாள். ஆனால் ஏழாம் மாசத்தில் ஒருநாள் விளக்கை அணைத்தபோது சேலைக்குள் வயிறு ஒளிர்ந்தது. உள்ளே பிள்ளை விரல் சூப்புவது தெரிந்தது. தன் விரல் ஒளிர்ந்தபோது வராத ஆத்திரம் அவளுக்கு அப்போது வந்தது.

மறுநாள் குடத்தோடு நகராட்சி இன்ஜினியர் தண்டபாணியிடம் போனாள். அதிகாரிகள் குடியிருப்புக்கு மட்டும் தனி ஆழ்குழாய். அங்கே யாரும் ஒளிர்வதில்லை.

"சார், உங்க குழாயிலேர்ந்து தினம் ஒரு குடம் குடுங்க. எனக்கு வேணாம், வயித்துப் பிள்ளைக்கு."

"குடுத்துவெச்சவம்மா நீ," என்றார் தண்டபாணி. "என் பசங்களுக்குப் படிக்க ட்யூப்லைட் வேண்டியிருக்கு. உன் பிள்ளைக்கு அந்தக் கவலையே இல்ல."

"அப்போ மாத்திக்கலாமா சார்? எங்க தண்ணி உங்களுக்கு, உங்க தண்ணி எங்களுக்கு."

"ஜனங்க வெளிச்சத்துல நான் கை வைக்கலாமா? தப்பும்மா."

எப்பேர்ப்பட்ட தியாகி! சொல்லிவிட்டுத் தன் கண்ணாடித் தம்ளரிலிருந்து ஒரு மடக்கு குடித்துக்கொண்டார். சகாயராணி வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாசமாப் போவானுங்க என்று வழியெல்லாம் திட்டினாள்.

பெண் குழந்தை பிறந்தது. பிரசவ அறையில் விளக்குப் போடவில்லை, தேவைப்படவில்லை. "நல்ல வெளிச்சமான பிள்ளை," என்று நர்ஸ் துடைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் நகராட்சி ஆள் ஒருவர் சின்ன மீட்டரோடு வந்தார். சாயம் நகராட்சியுடையது, அதனால் இனிப் பிறக்கிற பிள்ளைகளின் வெளிச்சத்தை அளந்து கட்டணம் போட வேண்டுமாம். குழந்தையின் இடது காலில் வலிக்காமல் கட்டிவிட்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மீட்டர் மெதுவாக ஓடியது. சகாயராணி துணியைப் போர்த்திப் பார்த்தாள், நிற்கவில்லை. குழந்தை பசித்து அழுதது. எடுத்து அணைத்துப் பால் கொடுத்தாள். பால் உள்ளே இறங்க இறங்க மீட்டர் வேகமாக ஓட ஆரம்பித்தது.