கலவாய் விழுங்கிய லாறின்

சறோஜினிதேவிக்குத் தன் புருசனின் முதுகு நன்றாகத் தெரியும். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அதிகம் பார்த்தது அதைத்தான். நாரந்தனையில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற பரராசசிங்கம் விடிந்தால் அறைக்குள் போய் மேசையில் குனிந்துவிடுவார். முன்னால் பழைய முஸ்லிம் அரசர்கள் அடித்த வெள்ளிக்காசுகள், கையில் பூதக்கண்ணாடி. எந்தச் சுல்தான் எந்த வருசம் பட்டத்துக்கு வந்தார் என்று கேட்டால் உடனே சொல்வார். மகள் எந்த வருசம் பிறந்தாள் என்று கேட்டால் அலுமாரிச் சாவியைத் தேடுவார்.

கடைசியாக முகநூலில் கண்டு வாங்கியது ஒரு லாறின். பாரசீகத்துக் காசு, வட்டமாக இராது. வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து அரபு எழுத்து அடித்திருப்பார்கள். இலங்கைக்கு வந்ததும் நம்முடைய ஆட்கள் அதைத் தூண்டில் மாதிரி வளைத்தும் விட்டார்கள். ஒரு பக்கத்தில் ராசாவின் பெயரை வாசித்தாயிற்று. எந்த ஊரில் அடித்தது என்பது மற்றப் பக்கத்தில் இருந்தது. அதை வாசிக்கவென்று காசைக் கழுவிக் கிணற்றுக்கட்டில் காயவைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார் மனுசன்.

அந்த நேரம் பார்த்து மீன் கொண்டுவந்த பஸ்ரியாம்பிள்ளை கைகழுவக் கிணற்றடிக்குப் போனார். போஸ்ட்மாஸ்டருக்கு ஏன் தூண்டில் என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்தநாள் சாட்டிக் கடலில் அதில் இறால் குத்தி எறிந்தார். ஒரு கலவாய் மீன் அதை விழுங்கித் தங்கூசி நூலையும் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

“நல்ல தூண்டில், மாஸ்டர். எங்கை வாங்கினனீங்கள்?” என்று அவர் வந்து கேட்டபோதுதான் விசயம் வெளிச்சமானது.

பரராசசிங்கம் கத்தவில்லை. “கலவாய் தான் இருக்கிற கடற்கல்லை விட்டுப் போகாது. சாட்டியிலை பிடிபடுற கலவாய் முழுக்க எனக்குக் கொண்டு வாரும்,” என்றார்.

அன்றோடு பூதக்கண்ணாடி குசினிக்கு வந்தது. பரராசசிங்கமும் வந்தார். ஒவ்வொரு மீனையும் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து, பலகையில் குந்தியிருந்து செதிள் எடுத்தார். “இது அரபுக் கலவாய் மாஸ்டர், விலை வேறை,” என்று சொல்லி மண்டைதீவிலிருந்துகூட ஆட்கள் மீனோடு வந்தார்கள். அதையும் வாங்கினார். வெள்ளிக்கிழமையில் மீன், மச்சம் நுழையாத வீடு அது. வெட்டலாம், தின்னக்கூடாது என்று சறோஜினிதேவியே ஒரு சட்டம் போட்டாள். ஊர்ப் பூனைகள் கொழுத்தன.

“சறோ, நீர் எப்பிடி இவ்வளவு சுறுக்கா வெட்டுறீர்?” என்று ஒருநாள் கேட்டார்.

சறோ! கலியாண வருசத்தோடு காணாமற்போன பெயர். அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மீனை வெட்டிக்கொண்டே மகளைப் பற்றி, மூட்டு நோவைப் பற்றி, ஊர்ப் புதினம் எல்லாம் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார், சிரித்தார். இது எத்தனை நாளைக்கு என்ற பயமும் அவளுக்குள் இருந்தது. ‘நயினாதீவுத் தாயே, அவருடைய காசு கிடைக்க வேணும். ஆனால் ஆறுதலாகக் கிடைக்கட்டும்’ என்று நேர்ந்துகொண்டாள்.

தாய் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டாள் போலும். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கலவாயின் குடலுக்குள் அவள் விரலில் வளைந்த கம்பி ஒன்று தட்டுப்பட்டது.

“என்னப்பா?” என்றார் பரராசசிங்கம், பூதக்கண்ணாடியைத் தூக்கியபடி.

“முள்ளு,” என்றாள். பாவம் மனுசன் என்றும் இருந்தது. ஆனாலும் கம்பி அவளுடைய சீலை மடிக்குள் போய்விட்டது.

காலையில் பஸ்ரியாம்பிள்ளையைப் படலையடியிலேயே மறித்து அதை அவர் கையில் வைத்தாள்.

“ஐயோ தங்கச்சி, இதுதானே மாஸ்டரின்ரை!”

“மெல்லக் கதையுங்கோ அண்ணை. கொண்டுபோய் அதே இடத்திலை எறிஞ்சு விடுங்கோ.”

“பிறகும் ஏதும் கலவாய் விழுங்கிப்போடுமே?”

“விழுங்கத்தானே வேணும்,” என்றாள் சறோஜினிதேவி. “சின்னதுக்குப் போடாதேங்கோ. கெதியிலை ஆரின்ரை கையிலையும் அம்பிடாத கிழட்டுக் கலவாயாப் பாத்துப் போடுங்கோ.”