பாதத்துப் புழுதி

கையிலெடுத்த பொம்மை வழுக்கியபோதுதான் வெண்மதிக்குப் புரிந்தது. கொல்லைக்காட்டில் குனிந்து வேர்க்கடலைச் செடி பிடுங்குகிறவள், காய் ஆய்கிறவள், முந்தானையால் வாயைத் துடைக்கிறவள் என்று அவள் செய்து வண்ணம் தீட்டிய விரலளவு சுட்டமண் பெண்கள் அத்தனை பேரும் பலகைமேல் ஈரம்போல மின்னிக்கொண்டிருந்தார்கள். அறை முழுக்க வார்னிஷ் வாடை.

இந்த மினுக்கு வேண்டாம் என்றுதான் அவள் கோடை முழுவதும் அலைந்தாள். உடைந்த பொம்மைகளின்மேல் வார்னிஷ் வார்னிஷாகப் பூசி ஜன்னல் வெயிலில் வைத்துப் பார்த்தாள். ஒன்று மஞ்சள் பாய்ந்தது. ஒன்று பாதத்தில் தீட்டிய புழுதியைச் சேறாக்கியது. கடைசியில் ஒன்று, பூசியதே தெரியாமல் வண்ணத்தைக் காத்தது. அந்தப் புட்டி இன்னும் மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது. நாளை விழுப்புரம் கண்காட்சியில் முதல்முறையாக அவள் பெயர் போட்ட மேசை.

கணவன் அன்புச்செல்வன் வாசலில் கை துடைத்துக்கொண்டிருந்தான். கதவு, கட்டிலுக்குப் பாலிஷ் போடுகிறவன்.

"யாரக் கேட்டு அடிச்ச?" அவள் பேச்சில் எப்போதும் வருகிற 'ங்க' இன்று வரவில்லை.

"யாரக் கேக்கணும்? நீ பார்த்துப் பார்த்தே கிழவியாயிடுவ. இப்ப பாரு, சும்மா ஜொலிக்குது."

"கல்லச் செடி புடுங்கறவ எங்கனா ஜொலிப்பாளா?"

அவன் சிரிக்கவில்லை. "கலெக்டருலாம் வருவாங்க. நம்ம ஜனத்த அழுக்குக் காலோட கொண்டுபோயி வெக்கணுமா? உங்கம்மாவக்கூட அப்டியே செஞ்சி வெச்சிருக்குற."

இதுதானா. சிங்கவரத்துக் கொல்லைகளில் அடுத்தவர் நிலத்துக்குக் குனிந்தே தேய்ந்தவள் அவள் அம்மா மீனம்பாள். அந்தப் பாதத்துக்காகவே வரப்பு மண்ணைச் சலித்து வண்ணத்தில் குழைத்திருந்தாள் வெண்மதி. அவன் அம்மாவும் அதே கொல்லைகளில்தான் குனிந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவின் ஓட்டையை மக்கு வைத்து அடைக்கிற கை, இங்கேயும் அடைத்திருக்கிறது.

"உனக்கு வெக்கம்னா நீ பூசிக்க. அவங்களுக்கு ஏன் பூசுன?"

அவன் முகம் சுருங்கியது. தொழில்காரன் குரலில் சொன்னான். "இப்ப இன்னா? உன்னுத மேல ஒரு கோட்டு அடி. மினுக்கு செத்துடும். அடியில என்னுது இருந்தா யாருக்குத் தெரியும்?"

அவன் சொன்னது சரி. பூசினால் போதும், நாளைக்குள் காய்ந்தும்விடும். அது சரியாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடியில் அவனுடையது, மேலே அவளுடையது, யாருக்கும் தெரியாது. இந்த வீட்டில் எதுதான் அப்படி இல்லை?

பாத வண்ணம் காயவில்லையென்று சாமி மாடத்தில் ஒதுக்கி வைத்திருந்த அம்மா மட்டும் தப்பித்திருந்தாள். அவளை எடுத்துப் பஞ்சு விரித்த பெட்டியில் வைத்தாள். பிறகு அவனுடைய தின்னர் டப்பாவை இழுத்து மூடியைத் திருகினாள்.

"ஏய், பெயிண்ட்டும் சேந்து வந்துடும். நாளைக்கி இன்னாத்த வெப்ப?"

அவள் துணியை நனைத்து, செடி பிடுங்குகிறவளை முதலில் எடுத்தாள். மினுக்கு இளகியது. கூடவே புடவைச் சிவப்பு, கை, கண். துணியில் ஒரு முகம் சற்று நேரம் முகமாகவே இருந்து, பிறகு பரவியது. அடியிலிருந்து சூளைமண்ணின் நிறத்தில், இன்னும் குனிந்தபடியே, அவள் வெளியே வந்தாள்.