நாலே முக்கால் வெயில்

கார் நிறுத்தும் கொட்டகையில் அவள் கேக் செய்து விற்றாள். காரின் தலையெழுத்து, அது தெருவில் நின்று காய்ந்தது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பொத்தானை அமுக்கினால் தானே ஏறி இறங்கும் கதவுதான் பத்து நாளாக அவள் உயிரை வாங்கியது. சாயங்காலம் மூடச் சொன்னால் ஒரு சாண் இறங்கும். என்ன நினைத்துக்கொள்ளுமோ, விறுவிறுவென்று மேலே ஏறிவிடும். தெருப் புழுதி மொத்தமும் கிரீமில்.

மெக்கானிக் இரண்டு நாள் காலையில் வந்து பார்த்தான். அவன் முன்னால் அந்தக் கதவு எவ்வளவு சமர்த்து! ராத்திரி வீடு திரும்பும் கணவருக்கும் அப்படியே. தீர்ப்புச் சொல்ல அவருக்கு அது போதாதா?

"கதவு நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் எதையும் பக்குவமா கையாளத் தெரியல. ஞாயித்துக்கிழமையோட இந்த வேலைய மூட்டை கட்டு."

ஆறு வருஷத் தொழில்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டு, "வந்தா நாலரைக்கு வா, இல்லாட்டி வரவே வேணாம்" என்றாள். கணவரையும் அரை நாள் லீவு போட வைத்தாள்.

நாலே முக்கால். மெக்கானிக் ஏணியில் நின்று அமுக்கினான். கதவு ஒரு சாண் இறங்கியது, ஏறியது.

"பாத்தீங்களா!" என்றாள். கணவர் கையைக் கட்டிக்கொண்டு மோட்டாரையே முறைத்தார்.

மெக்கானிக் ஒயரைப் பார்த்தான், கதவு ஓடும் தண்டவாளத்தைத் தட்டினான். வாசலின் இரு ஓரத்திலும் தரையோடு இருந்த சின்னக் கண்ணாடிகளைத் துடைத்தான். "ஒரு கண்ணுலேருந்து இன்னொரு கண்ணுக்கு வெளிச்சம் போகுது அக்கா. நமக்குத் தெரியாது. அது கிடைக்கலன்னா கதவு மூடாது."

குறுக்கே ஒன்றுமில்லை. அவள் வெளியே போய் ஒரு கண்ணருகே உட்கார்ந்து பார்த்தாள். அவன் மறுபடி ஏணியில் ஏறி அமுக்கினான். கதவு கடகடவென்று இறங்கி, அவளை வெளியே விட்டு மூடிக்கொண்டது!

"அக்கா, என்ன பண்ணீங்க?" உள்ளிருந்து குரல்.

"சும்மா உக்காந்தேன்டா!"

திறந்தான். அவள் நகர்ந்தாள், மூடவில்லை. உட்கார்ந்தாள், மூடியது. அப்போதுதான் கண்ணாடி மேல் விழுந்திருந்த தன் நிழலைப் பார்த்தாள். மெல்லத் திரும்பினாள். எதிர்வரிசையில் இரண்டு வீடுகளுக்கு நடுவே கையகல இடுக்கு. அதற்குள் சூரியன்.

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை கோடி மைல் வந்த வெளிச்சம், வழியில் எதிலும் படாமல், அந்த இடுக்கில் நுழைந்து, மிளகு அளவுக் கண்ணை நிரப்பிவிட்டிருக்கிறது. அதற்கு மேல் அந்தக் கண்ணுக்கு வேறெது தெரியும்? கதவைத் திறக்கச் சொல்லி, விஷயத்தைச் சொன்னாள்.

"அடேங்கப்பா!" மெக்கானிக் ஏணியை விட்டு இறங்கிவிட்டான். "காலையில வந்தா எப்படித் தெரியும்! ரெண்டு கண்ணையும் பக்கம் மாத்தி, வெளிச்சம் வாங்குற கண்ண நிழல்ல வச்சுட்டாப் போதும்கா. பத்து நிமிஷ வேலை."

"இரு தம்பி, தொடாதே. என்னங்க, இங்க வந்து குனிஞ்சு பாருங்க."

ஆபீஸ் பேண்ட்டோடு அவர் மண்டி போட்டார். கண் கூசியது, ஆனாலும் எழவில்லை. மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, வெயில் கண்ணாடியை விட்டு நகர்ந்து, கதவோரக் கம்பத்தில் ஏறி, போய்விட்டது. அவள் பொத்தானை அமுக்கினாள். கதவு தங்கமாக மூடியது.

"தப்பு என்மேலதான்," என்றார் அவர், முழங்காலைத் தட்டாமலே. "இன்னைக்கு நான் வராம இருந்திருந்தா..."

"வெயில் நாளைக்கும் வந்திருக்கும்," என்றாள். "நீங்க நம்புறீங்களான்னு பாத்துட்டா அது வருது?"