ஷுக்ரி வீடு

1. அஸ்திவாரம்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் துணிக்கொடியில் கிடைத்தது. எகிப்தில், மன்சூரா நகரில், எங்கள் பக்கத்து மொட்டைமாடியில் நஜாத் துணி உலர்த்திக்கொண்டே, கீழே அழுத தன் மகளுக்குக் குரல் கொடுத்தாள்: "ஷுக்ரி வீட்டுல இருக்கேன்டி, இதோ வரேன்."

அங்கே வீடு கிடையாது. வானம், கொடி, தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பிகள், அவ்வளவுதான். மகன் இருக்கிற வீட்டில் கம்பியை வெட்டாமல் விடுவார்கள். அவன் கல்யாணத்துக்கு அதன்மேல் ஒரு தளம் எழும்பும். தளம் வருமுன்பே அதற்கு அவன் பெயர் வந்துவிடும்.

அடியிலிருந்து தொடங்குவதுதான் முறை. தொடங்கினேன்: "அஸ்திவாரம் தோண்டிய அன்று ஹாஜி அத்வா ஓர் ஆட்டை அறுத்து..." ஆடு பிரமாதமாக வந்தது. இரண்டு பக்கம் ஆடுதான். அடித்துவிட்டேன்.

2. தூண்

அத்வா, நஜாத்தின் அப்பா. அவருடைய மகன் ஷுக்ரி சில வருஷங்களுக்கு முன் லிபியாக் கரையிலிருந்து இத்தாலிக்குப் படகேறினான். படகு போய்ச் சேரவில்லை என்றார்கள். உடலும் வரவில்லை. ஆகவே அத்வா கம்பிகளுக்கு இன்னமும் கிரீஸ் தடவுகிறார். முனைகளில் காலி சோடா பாட்டில்களைக் கவிழ்த்து வைக்கிறார்.

(முதலில் இவரைக் கல்நெஞ்சக்காரராகத்தான் எழுதினேன். பத்தி முடிவதற்குள் பேத்திக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சொன்ன பேச்சு கேட்காத மனுஷன்.)

3. சுவர்

[இங்கே நஜாத்தின் விவாகரத்து. அவள் புருஷன் சுவரோடு அவளை — வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். போதும்.]

4. கூரை

அவள் படுக்கிற அறை மாடிக்கு நேர் கீழே. மழைநீர் கம்பி வழியே இறங்கி, கூரைக்குள் ஊறி, மெத்தைமேல் சொட்டுகிறது. கொத்தனார் பயூமி வந்து தட்டிப் பார்த்தார். கம்பியை வெட்டிப் பூசிவிடுங்கள், இல்லையென்றால் மேலே கட்டுங்கள்; இப்படியே விட்டால் துரு தூணையே பிளந்துவிடும் என்றார். வெட்டுகிற பேச்சே வேண்டாம் என்றார் அத்வா.

"வெட்ட வேணாம்ப்பா," என்றாள் நஜாத். "எனக்குக் கட்டு."

"அவன் வந்தா எங்க இருப்பான்?"

"எங்கூட இருக்கட்டும். எந்தம்பிக்கு நான் ரொட்டி போட மாட்டேனா?"

அத்வா கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

5. (இதற்குப் பெயர் அகப்படவில்லை)

ஷுக்ரியைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தேன். எனக்கென்ன செலவு, ஒரு வாக்கியம்தானே. தெருவெல்லாம் குலவை. எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுகையில், நஜாத் தன் மெத்தையைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கிழித்துவிட்டேன். கம்பிகளை வெட்டியும் பார்த்தேன். ரம்பச் சத்தம் தாங்காமல் பாதியில் எழுந்துபோனேன்.

மிச்சம் இருப்பது இது. பயூமியும் நஜாத்தும் அத்வாவின் பின்னாலேயே மாடிக்கு வருகிறார்கள். கட்டுவதானால் யாருக்கென்று சொல்லுங்கள் ஹாஜி, அதற்குத் தகுந்தபடி அறை பிரிக்க வேண்டும் என்கிறார் பயூமி. அத்வா கிரீஸ் கையை அங்கியில் துடைக்கிறார். மகனைப் பற்றி 'வருவான்', 'இருப்பான்' தவிர வேறு சொல் அவர் வாயில் இதுவரை வந்ததில்லை.

"எனக்கு ஒரு பையன் இரு

இங்கே நின்றுவிட்டேன். 'க்கான்' என்று முடித்தால், நஜாத் சொட்டுகிற இடத்தில் வாளி வைக்கக் கீழே போய்விடுவாள். 'ந்தான்' என்று முடித்தால் அவளுக்கு ஒரு வீடு. மூன்றே எழுத்து. எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். அவர் திறந்த வாயோடு நிற்கிறார்; அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.