கன்னக் கூலி

1961, ஐப்பசி முதல் தேதி, காலை ஏழு மணிச் சங்கு ஊதியது. பேகம்பூர் தோல் ஷாப்பில் சோலைமலை பதனிட்ட ஆட்டுத்தோலை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பழனிக்கு நேர்ந்து வளர்க்கிற தாடி.

லண்டனுக்குப் போகும் தோலை அங்கே கன்னத்தில் தேய்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். வழுவழுத்தால் முதல் தரம். சொரசொரத்தால் மூன்றாம் தரம். ஆண்கள் வேலை. நாளுக்கு இரண்டேகால் ரூபாய்.

"பேச்சாயி, செத்த இங்கிட்டு வா."

பேச்சாயி கூட்டுகிறவள். கூலி ஒரு ரூபாய். அவள் தேய்த்து மெதுவாகச் சொன்னாள். அவர் "மொதத் தரம்!" என்று கூவினார். மூன்று மாதம் இப்படியே நடந்தது.

தையில் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. இவ்வளவு சரியாகப் பிரித்த தோலைப் பார்த்ததில்லையாம். முதலாளி சனாவுல்லா சோலைமலையைக் கட்டிக்கொண்டார்.

"இன்னையிலருந்து உனக்கு எட்டணா கூட."

"எல்லாம் முருகன் செயல், பாய்."

"தேச்சது என் கன்னம்," என்றாள் பேச்சாயி.

"தெரியும் தாயி," என்றார் சனாவுல்லா. "ஆனா இந்த வேலைக்குப் பொம்பளக் கூலின்னு ஒண்ணு எந்த ஷாப்புலயும் கெடையாது."

"வேலை மட்டும் இருக்கு."

அவள் தோலை வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

அன்று மூன்று மணிக்கு லாரி. கடைசிக் கட்டு தரம் பிரிக்காமல் பாக்கி. சோலைமலையைச் சிரைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

"சாமி கண்ணக் குத்தும்."

சனாவுல்லாவே தேய்த்தார். அவருக்குத் தாடி மார்பு வரை. மேஸ்திரி பீர் முகமதுக்கும் தாடி. மழித்த முகம் கணக்கர் அருளப்பனுக்கு மட்டும்தான். அவருக்குப் பொன்னுக்கு வீங்கி. வீக்கம் வடியக் கழுத்தில் மனைவியின் தங்கச் சங்கிலி. தோல் பட்டதும் "ஏசுவே!" என்று அலறினார்.

"மொதத் தரமா, மூணாந் தரமா?"

"வலிக்குது பாய்."

மணி இரண்டே முக்கால். பேச்சாயி கூட்டிக்கொண்டே வந்தாள்.

"தாயி, ஒண்ணேகால் ரூபா."

கூட்டினாள்.

"ஒண்ணரை."

"காலத் தூக்குங்க பாய்."

சனாவுல்லா தூக்கினார். "ஆம்பளக் கூலியக் குடுத்தா ஊரே சிரிக்கும், பேச்சாயி."

வெளியே லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். பேச்சாயி நிமிர்ந்தாள்.

"அப்பச் சரி. நானும் பழனிக்கு நேந்துக்கிறேன். தாடி மொளச்சதும் வந்து தேச்சுத் தாரேன். லாரி அம்புட்டு நேரம் நிக்குமா, பாய்?"